சிக்கிய தோட்டாக்கூடும் பழி சுமந்த கையும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் அரசர் பெயரையும் தளபதியர் பெயரையும் எழுதுவர்; வென்றார் இவர், தோற்றார் இவர் என வரையறுப்பர். அப்போர்களிலே படைக்கலம் பற்றி நின்ற கடைநிலை வீரன் என் செய்தான், அவன் கருவி அவனுக்கு உதவிற்றோ கைவிட்டதோ என்பதை எழுதுவார் சிலரே. விரலளவினதாகிய ஒரு பித்தளைக் கூடு துப்பாக்கியின் வயிற்றிற் சிக்கி வெளிவர மறுத்தமையால் உயிரிழந்தார் உளர். அக்கூட்டின் வரலாறே ஈண்டு யாம் எழுதப் புகுந்தது. நூலும் நாடாவும் கொண்டு வாழும் நம் குலத்தார்க்கு இஃது எற்றுக்கு என வினவும் அன்பர், இறுதிகாறும் பொறுத்துப் படிப்பாராக. விடை ஆங்கு உளது.

இதனை எழுத எம்மைத் தூண்டியவன் எம்மிடம் பயிலும் மாணாக்கன் ஒருவன். ஆரணியிலே தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளை. தேசிய மாணவர் படையின் முகாமொன்றிற் சேர்ந்து, .22 துப்பாக்கி கொண்டு குறி பார்த்துச் சுடப் பழகினான். மூன்றாம் முறை சுட்டபின் துப்பாக்கியின் தாழை இழுத்தான். தாழ் வந்தது, கூடு வரவில்லை. பயிற்றுநர் அருகணைந்து, குழலின் வாய் மண்மேட்டையே நோக்கியிருக்கும்படி துப்பாக்கியைத் தம் கையில் வாங்கி, முன்வாய் வழியே துடைகோலைச் செலுத்தி மெல்லத் தட்டினார். வெற்றுக்கூடு பின்புறமாக வீழ்ந்தது. உடனே, 'நீ துடைத்த இலட்சணம் இது' என்று பையனைக் கடிந்தார். அவன் எம்மிடம் வந்து, 'ஐயா, அத்துப்பாக்கி என் கைக்கு வந்து ஐந்து நிமிஷந்தான் ஆயிற்று. எனக்கு முன்னே சுட்டவர் எத்தனை பேரோ! தோட்டா எந்த வருஷத்திற் செய்ததோ! பழி மட்டும் என்னுடையதா?' என்று கேட்டான். சிறுவன் வினாவேயாயினும் சிறு வினா அன்று. இவ்வினாவைப் பெரும்படைகளும் அரசாங்கங்களும் நூறாண்டுக்கு மேலாக எதிர்கொண்டன. அவை அளித்த விடைகளையே இனிக் காண்பாம்.

ஆரணியும் துப்பாக்கியும்

நம் ஆரணி துப்பாக்கியின் ஓசையை அறியாத ஊர் அன்று. 1751-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், ஆர்க்காட்டுக் கோட்டையில் 50 நாள் முற்றுகையைத் தாங்கி வெளிப்போந்த கிளைவ், மராட்டியக் குதிரைப் படையின் துணையோடு ஈண்டு வந்து, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்து வென்றான். இரு படைக்கும் இடையே நீர் நிறைந்த நெல்வயல்கள் கிடந்தன என்பர். பின்னர் 1782-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ஐதர் அலி தன் படைக்கு வேண்டும் பொருள்களைச் சேமித்து வைத்திருந்த ஆரணிக் கோட்டையை நோக்கி ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தான். இருவரும் பொருதனர், கோட்டை ஆங்கிலேயர் கைப்படவில்லை. அவ்வாண்டு முடியுமுன் ஐதரும் மறைந்தான்.

அப்போர்களில் வீரர் ஏந்தியவை திரித்துப்பாக்கியும் சக்கிமுக்கித் துப்பாக்கியுமே. அவற்றில் இற்றைநாளைப் போன்ற உலோகக் கூடு இல்லை. மருந்தும் குண்டும் காகிதத்திற் பொதிந்திருக்கும். வீரன் அக்காகிதத்தைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் முன்வாய் வழியே கொட்டி, குண்டையும் இட்டு, கெஜக்கோலால் இடித்துக் கெட்டிப்பான். பக்கத்திலுள்ள பற்றுவாய் என்னும் சிறு துளைவழியே நெருப்பு உட்சென்று மருந்தைப் பற்றும். கந்தகமும் கரியும் வெடியுப்பும் கலந்த அம்மருந்து முற்றும் புகையாகிப் போவதன்று. அதன் எடையிற் பாதிக்கு மேற்பட்டது திடப்பொருளாகவே எஞ்சும். புகையோடு போனது போக எஞ்சிய கசடு குழலின் உட்சுவரிலும் பற்றுவாயிலும் படியும். சில முறை சுட்டபின் பற்றுவாய் அடைபடும். ஆதலின் சிப்பாய் ஒவ்வொருவனும் மெல்லிய கம்பி ஊசி ஒன்றையும் சிறு தூரிகை ஒன்றையும் மார்பிலே தொங்கவிட்டிருந்தான். உள்ளே சிக்கிய மருந்துப் பொதியை வெளியே இழுக்கக் கெஜக்கோலின் முனையில் திருகுப்புரி ஒன்றைப் பூட்டுவதும் உண்டு.

இக்கசடுக்கு அஞ்சியே ஆங்கிலேயர் தம் துப்பாக்கிக் குழலை முக்கால் அங்குல விட்டமாகவும், குண்டை அதனினும் சிறிதாகவும் அமைத்தனர். குண்டு தளர்வாக உருண்டு இறங்கும், சிக்காது. ஆனால் குறி தவறும். சிக்காமை வேண்டின் குறி கெடும். குறி வேண்டின் சிக்கும். இவ்விரண்டிற்கும் இடையே உழன்றதே துப்பாக்கியின் வரலாற்றிற் பெரும்பகுதி எனலாம்.

குறி வேண்டி, குழலின் உள்ளே சுழல்வரி வெட்டிய என்பீல்டு துப்பாக்கியை ஆங்கிலேயர் 1857-ல் இந்தியச் சிப்பாய்க்கு அளிக்கத் தொடங்கினர். அதன் தோட்டாவிற் கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. என்னை? இறுக்கமான குழலிற் கசடு படிந்தாலும் குண்டு வழுக்கி இறங்குதற்பொருட்டு. அக்கொழுப்பு எவ்விலங்கினது என்பதைச் சிப்பாய்க்கு ஐயமறச் சொல்வார் இல்லை. அவன் கேட்டபோதும் தெளிவான விடை வரவில்லை. அதன்பின் நிகழ்ந்த பெருங்கிளர்ச்சியை யாவரும் அறிவர். அதற்குக் காரணங்கள் பலவாயினும், உடனடியாகப் பற்றிய பொறி இதுவே. தன் வாயிற் கடிக்கும் பொருள் எதனாற் செய்யப்பட்டது என்பதை அறியும் உரிமை கடிப்பவனுக்கு உண்டு. இக்கருத்தை நினைவிற் கொள்க. பின்னர் மீண்டும் வருவோம்.

கூட்டின் இயல்பு

1860-களில் முன்வாய்த் துப்பாக்கி போய்ப் பின்வாய்த் துப்பாக்கி வந்தது. மருந்து, குண்டு, பற்றவைக்கும் பொட்டு ஆகிய மூன்றையும் ஓர் உலோகக் கூட்டினுள் அடக்கி, குழலின் பின்புறத்து அறையில் இடுவர். சுட்டவுடன் குண்டு முன்னே போம். கூடு அறையிலே தங்கும். அக்கூடு அவ்வொரு நொடியிற் செய்யும் தொழில் வியத்தற்குரியது. மருந்தின் அழுத்தத்தால் அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நெருப்பும் புகையும் சுடுவோன் முகத்தை நோக்கி வாரா. அழுத்தம் நீங்கியதும், நல்ல பித்தளையாயின், தன் மீள்தன்மையாற் சற்றே சுருங்கிச் சுவரை விடும். உடனே கொக்கி ஒன்று அதன் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்கும். விரிய வேண்டிய பொழுதில் விரிதலும், விட வேண்டிய பொழுதில் விடுதலும் கூட்டின் அறம்.

அவ்வறம் பிழைப்பது எவ்வாறு? உலோகம் மென்மையாயின் விரிந்தது சுருங்காது. அறையில் துருவோ மணலோ கசடோ இருப்பின் கூட்டைப் பிடித்துக்கொள்ளும். மருந்தின் அழுத்தம் அளவிற்கு மிஞ்சின் கூடு சுவரில் இறுகும். குழல் மிகச் சூடேறினும் தீங்கே. அந்நிலையிற் கொக்கி வலிந்து இழுப்பின் விளிம்பு கிழிந்து கையோடு வரும். உடல் உள்ளே நிற்கும். துப்பாக்கி அக்கணமே வெறுங்கோலாம்.

அதனை நீக்கும் முறை எந்நாட்டினர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. முதற்கண் குழலின் வாய் ஆளில்லாத் திசையையே நோக்கவேண்டும். வெடிக்காத தோட்டாவாயின் உடனே திறத்தல் ஆகாது. காலந்தாழ்த்து வெடித்தலும் உண்டு. பின்னர் எஞ்சிய தோட்டாக்களை நீக்கி, முன்வாய் வழியே கோலிட்டுத் தட்டி வெற்றுக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். தலை அறுந்த கூடாயின், அதனுள் நுழைந்து முன்விளிம்பைப் பற்றி வரும் தனிக்கருவி உண்டு. குண்டு குழலை விட்டு நீங்கியதா எனக் கண்டறியாமல் மறுபடி சுடுதல் தற்கொலைக்கு ஒப்பாகும். இவை யாவும் அமைதியான மைதானத்தில் எளிய. பகைவன் ஐம்பது அடியில் வரும்போது அரிய.

அபுக்லியா

1871-ல் ஆங்கிலப் படை மார்ட்டினி-ஹென்றி என்னும் துப்பாக்கியை மேற்கொண்டது. அதன் தோட்டாக்கூடு வார்த்து இழுத்த முழுப் பித்தளையன்று; மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு ஒன்றைப் பொருத்திச் செய்தது. முழுப் பித்தளைக் கூடு செய்யும் வகை அக்காலத்தார் அறியாததன்று, அமெரிக்கர் கைக்கொண்டிருந்தனர். ஆயினும் செலவை நோக்கிச் சுருட்டிய கூடே போதும் எனக் கொண்டனர்.

1885-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், சூதான் பாலைவனத்தில் அபுக்லியா என்னும் கிணற்றடியில் அதன் பயன் விளைந்தது. கார்ட்டூம் நகரில் முற்றுகையுண்ட கார்டனை மீட்கச் சென்ற ஆங்கிலப் படை சதுர அணிவகுத்து நின்றது. மகதியின் வீரர் ஈட்டியும் வாளும் ஏந்திப் பாய்ந்து வந்தனர். ஆங்கிலேயர் சுட்டனர், சூட்டில் தகடு கிழிந்தது, மணல் ஒட்டியது, கொக்கி அடிவட்டைப் பிடுங்கிற்று, சுருள் உள்ளே நின்றது. கடற்படையினர் கொணர்ந்த கார்ட்னர் என்னும் பொறித்துப்பாக்கியும் சிறிது போழ்திலேயே சிக்கி நின்றது. சதுர அணியின் ஒரு மூலை உடைந்து, கைகலந்த போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயரே முடிவில் வென்றனர். எனினும் எழுபதுக்கு மேற்பட்டோர் அக்கால்மணி நேரத்தில் மாண்டனர். சூதானியர் மாண்டது ஆயிரத்திற்கு மேல் என்பர். அவ்வாண்டு சூதானின் மற்றொரு முனையில் நம் சென்னை இராச்சியத்துச் சாப்பர்ஸ் படையினரும் பொருதனர். தோப்ரெக் போர்க்களத்தின் பெயர் அவர்தம் விருதுகளுள் ஒன்றாயிற்று.

களத்தினின்று வந்த செய்தி இலண்டன் பத்திரிகைகளிற் பெரும் ஆரவாரத்தை விளைத்தது. சிக்கிய துப்பாக்கியும் வளைந்த முனையீட்டியும் ஆராயப்பட்டன. அவ்வாண்டே முழுப் பித்தளைக் கூடு மேற்கொள்ளப்பட்டது. வீரன் கை பிழைத்ததன்று, கூடு பிழைத்தது என்பதை ஒப்புக்கொள்ளுதற்கு ஒரு போர்க்களமும் பல உயிர்களும் வேண்டியிருந்தன.

மண்ணிற் கிடந்த சான்று

இனி மறுதலையான ஒரு வரலாற்றையும் கூறாவிடின் யாம் நடுவுநிலை பிழைத்தவராவோம். அபுக்லியாவிற்கு ஒன்பது ஆண்டு முன், 1876-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், கஸ்டர் என்னும் தளபதியும் அவனோடு நின்ற இருநூற்றுக்கு மேற்பட்ட குதிரை வீரரும் சூ, செயேன் என்னும் தொல்குடியினரால் ஒருவர் எஞ்சாது வீழ்த்தப்பட்டனர். அவர் தோட்டாக்கூடு செம்பினாலாயது. செம்பு மென்மையானது ஆதலின் அறையிற் சிக்கும். வீரர் கத்தியால் நெம்பி எடுக்கவேண்டும். பிழைத்து மீண்ட ரீனோ என்னும் அதிகாரியும் இக்குறையைப் படைக்கலத் துறைக்கு எழுதினான். ஆகவே, 'துப்பாக்கி சிக்கியமையாலேயே கஸ்டர் மாண்டான்' என்னும் பேச்சு நாடெங்கும் பரவிற்று.

1983-ல் அப்புல்வெளியிற் காட்டுத்தீ பரவி நிலம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அங்கே அகழ்ந்தும், உலோகங்காட்டும் கருவி கொண்டு தேடியும், நூற்றெட்டு ஆண்டாக மண்ணிற் கிடந்த கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்தனர். நெம்பி எடுத்த கூட்டிற் கத்தி கீறிய தழும்பு இருக்குமன்றோ? உருப்பெருக்கியால் நோக்கினர். தழும்புடையன மிகச் சிலவே. கூடு சிக்கியது மெய். ஆயின் தோல்விக்கு அதுவே காரணம் என்பது மெய்யன்று. பகைவர் தொகையும் வன்மையும், தளபதி தன் படையைப் பிரித்தமையும் பெரிய காரணங்கள்.

இதனாற் பெறப்படுவது யாது? கருவியின்மேற் பழி போட்டுத் தலைவனைக் காப்பாற்றுதலும் உண்டு. கைமேற் பழி போட்டுக் கருவி செய்தானைக் காப்பாற்றுதலும் உண்டு. இரண்டையும் தீர்க்க வல்லது வாய்ச்சொல் அன்று. எடுத்து வைத்து நோக்கிய கூடே.

காலால் உதைத்த துப்பாக்கி

முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ல் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கியபோது, அவர்தம் பழைய துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு, ஆங்குள்ள புதிய தோட்டாவிற்குப் பொருந்தும் லீ-என்பீல்டு துப்பாக்கிகளை அளித்தனர். தோட்டாவும் அறையும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும் என்னும் அறிவு அங்கே இருந்தது. கனடா நாட்டுப் படைக்கோ அந்நற்பேறு வாய்க்கவில்லை. அவர் ஏந்திய ராஸ் துப்பாக்கி இலக்குப் போட்டிகளிற் பரிசு பெற்றது. அதன் அறை மிக நுண்ணிய அளவினது. களத்தில் வந்த ஆங்கிலத் தோட்டாக்களோ சற்றே பருத்தன.

1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நச்சுப்புகை முதன்முதலாகப் பெருமளவில் விடப்பட்ட ஈப்பர் களத்தில், நம் நாட்டு லாகூர் டிவிஷனும் பொருத அக்களத்தில், கனடா வீரர் தம் துப்பாக்கித் தாழைப் பூட்சுக்காலால் உதைத்துத் திறந்தனர். பிழைத்த ஏறத்தாழ 5,000 பேரில் 1,452 பேர் தம் ராஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, மாண்ட ஆங்கிலேயர் துப்பாக்கியைக் கைக்கொண்டிருந்தனர். அவ்வீரர் எழுதிய விண்ணப்பம் ஒன்றுமில்லை. அவர் எறிந்த துப்பாக்கியே விண்ணப்பமாயிற்று. அந்நாட்டுப் படை அமைச்சரோ குற்றம் ஆங்கிலத் தோட்டாவினதே என வாதித்து நெடுநாள் அத்துப்பாக்கியைத் தாங்கி நின்றார். 1916-ல் அது களத்தினின்று நீக்கப்பட்டது.

மாதிரி ஒன்று, சரக்கு ஒன்று

இவ்வரலாற்றில் யாவற்றினும் கொடியது வியத்நாம் போரில் நிகழ்ந்தது. அமெரிக்கர் 1960-களின் நடுவில் எம்-16 என்னும் இலேசான துப்பாக்கியைத் தம் வீரர்க்கு அளித்தனர். அதனை வகுத்தவர் ஒருவகை மருந்தைக் கொண்டே வகுத்தனர். பின்னர் படைத்துறையினர் மருந்தை மாற்றினர். புதிய மருந்தாற் பொறியின் வேகம் மிகுந்தது, கசடும் மிகுந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சு வேண்டும் என்பது முன்னரே பட்டறிந்த பாடமாயினும் பூச்சு இடப்படவில்லை. வியத்நாமின் ஈரக்காற்றில் அறை துருவேறிக் குழிந்தது. கூடு அக்குழிகளைப் பற்றிக்கொண்டது. 'இத்துப்பாக்கிக்குத் துடைத்தல் வேண்டா' என்னும் பேச்சும் பரவியிருந்தது. துடைகருவிகள் போதிய அளவு அனுப்பப்படவுமில்லை.

வீரர் துடைகோலைப் பூட்டியபடியே துப்பாக்கியின் பக்கத்திற் கட்டிக்கொண்டு திரிந்தனர். ஒவ்வொரு முறை சிக்கும்போதும் முன்வாய் வழியே இடித்து எடுத்தற்கு. 1967-ல், கூட்டை எடுக்க முயன்றபடியே இறந்துகிடந்த வீரரைப் பற்றிய கடிதங்கள் வீடுகளுக்கு வந்தன. அதிகாரிகள் கூறியது யாது? 'வீரர் துடைக்கவில்லை.' நம் மாணாக்கன் கேட்ட அதே சொல்.

அவ்வாண்டு அமெரிக்கக் காங்கிரசின் உட்குழு ஒன்று, இச்சர்ட் என்பாரின் தலைமையில் ஆராய்ந்து, அக்டோபரில் தன் முடிவை வெளியிட்டது. அக்குழு கண்ட உண்மைகளுள் ஒன்றே நம் கருத்திற்குப் போதும். புதிய மருந்திட்ட தோட்டாவைக் கொண்டு சோதித்தால் துப்பாக்கிகள் சோதனையில் தேறா என்பதனால், தொழிற்சாலையிற் சோதிக்கும்போது பழைய மருந்திட்ட தோட்டாவைப் பயன்படுத்தப் படைத்துறையினர் இசைந்திருந்தனர். களத்திற்குச் சென்றதோ புதிய மருந்து. மாதிரி ஒன்று, சரக்கு ஒன்று. குற்றமென்னும் எல்லையைத் தொடும் அசட்டை இது என அக்குழு கடிந்தது. பின்னரே அறைக்குக் குரோமியம் பூசினர், துடைகருவி அனுப்பினர், சித்திரக்கதை வடிவிற் பராமரிப்பு நூலும் அச்சிட்டனர். துப்பாக்கி திருந்திற்று. மாண்டவர் மீளவில்லை.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1999-ல் கார்கில் மலைக்குளிரில் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டாப்பெட்டிகள் விரிந்தன எனவும் துப்பாக்கி சிக்கிற்று எனவும் குறைகள் எழுந்தன. 1966-ல் நிறுவப்பெற்ற திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையிலும் அவ்வகைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஆண்டுத் தொழில் செய்யும் தமிழ்மகன் ஒருவனது கைத்திறனிலும் கவனத்திலும் பனிமலையில் நிற்கும் மற்றொரு தமிழ்மகன் உயிர் தொங்குகின்றது. இவனுக்கு அவன் முகந்தெரியாது. அவனுக்கு இவன் பெயர் தெரியாது.

நம் தறிக்கு வருவோம்

செங்குந்தம் என்னும் ஈட்டியைப் பெயரிலேயே உடையது நம் குலம். சோழர் கல்வெட்டுக்களிலே தெரிஞ்ச கைக்கோளர் என்னும் படைப்பிரிவுகள் காணப்படுகின்றன. அச்சொல் நம் குலத்தைக் குறித்ததோ, கைவலி படைத்த வீரரைப் பொதுவிற் குறித்ததோ என ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். எங்ஙனமாயினும், நம் கூட்டங்களில் எழுந்து பேசும் இளைஞர் பலர் 'நாம் வீரர் குலம்' எனத் தோள் தட்டுகின்றனர். 'நாம் நெய்யும் குலம்' எனச் சொல்ல நாணுகின்றனர். மேற்கூறிய வரலாறு அந்நாணத்தைப் போக்குமென நம்புகின்றோம். வீரன் பெருமை அவன் கையில் மட்டும் இல்லை; அவனுக்குக் கருவி செய்து கொடுத்தவன் நேர்மையிற் பாதி உளது. செய்வோன் சிறியன் அல்லன்.

ஆயின் நாம் தோட்டா செய்வோர் நிலையில் மட்டும் நிற்கின்றோமா? அன்று, பெரும்பாலும் தோட்டா வாங்கிய வீரன் நிலையிலேயே நிற்கின்றோம். பாவும் ஊடையும் சரிகையும் தருபவர் முதலாளி. நெய்து தருபவன் நெசவாளன். சேலை விற்றுப்போய், ஈராண்டு கழித்துச் சரிகை கறுத்தது என்றோ, சாயம் இறங்கிற்று என்றோ திரும்பி வருகின்றது. பழி எவன் தலைமேல் வீழ்கின்றது? 'நீ அடித்த அடி சரியில்லை. உன் வீட்டு ஈரத்தில் வைத்தாய்' என்று நெசவாளனுக்கே சொல்லிக் கூலியிற் பிடித்தம் செய்வாரும் உளர். யாவரையும் கூறுகின்றோமல்லோம், நேர்மையுடைய முதலாளிமார் நம்முள்ளேயே பலர். எனினும் கறுத்த சரிகையை நெய்தவன் செய்யவில்லை. இறங்கிய சாயத்தை அவன் தோய்க்கவில்லை. அவன் கைக்கு வந்தது ஒரு கண்டு. அதன் உள்ளே இருப்பது பொன்னோ செம்போ, 1857-ஆம் ஆண்டுச் சிப்பாய்க்குக் கொழுப்பைச் சொல்லாதவாறே, அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

இப்பழி புதிதன்று. கும்பினியார் காலத்தில், அவர்தம் துணிக்கிடங்கிலே நெசவாளர் கொணர்ந்த துணியை ஒரு மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுத் தரம்பிரித்து, ஒவ்வாதன எனத் தள்ளுவர். அம்மாதிரித் துண்டு யார் கையில் இருந்தது? வாங்குவோர் கையில். நெசவாளனிடம் ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. மாதிரி எவன் கையில் உளதோ தீர்ப்பும் அவன் கையில் உளது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று. ஒவ்வொரு பாவும் கைமாறும்போது, அப்பாவிலே ஒரு சாண் இழையும், ஊடையிலே ஒரு சிறு பிடியும், சரிகையிலே ஒரு முழமும் எடுத்து, ஓர் உறையிலிட்டு, நாளும் எண்ணும் எழுதி, கொடுப்போரும் கொள்வோரும் கையொப்பமிட்டு, சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரியில் வைப்போமாக. செலவு ஓர் உறையின் விலை. சேலை திரும்பி வருமாயின் உறையைப் பிரிப்போம். இழையை நீரிலிட்டால் சாயம் தன் கதையைத் தானே கூறும். சரிகையிற் பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பதைச் சிறுபோழ்திற் காட்டும் கருவிகள் இக்காலத்து உள. நூலிற் பிழையாயின் நூல் தந்தவர் ஏற்பாராக. நூல் நன்றாயிருந்து நெசவிற் பிழையாயின், நாமே தலைகுனிந்து ஏற்போமாக. கஸ்டரின் போர்க்களத்துக் கூடுகள் ஒரு பக்கத்துக்கு மட்டும் சான்று கூறவில்லை என்பதை மறவற்க. மாதிரி உறை நம்மையும் காட்டிக்கொடுக்கும். அதற்கு அஞ்சுவார் உறை வேண்டா என்பர்; அஞ்சாதார் வேண்டும் என்பர்.

தறியில் நாடா பாவிடையே சிக்கினால் நம் தாய்மார் என் செய்வர்? வலிந்து இழுப்பரோ? மிதியை விட்டு, பாவைத் தளர்த்தி, எவ்விழை மேலெழவில்லை, ஏன் எழவில்லை எனக் கண்டு, அறுந்ததைப் பிணைத்து, அதன்பின்னரே நாடாவை எடுப்பர். சிக்கலை நீக்குதல் ஒரு வேலை. சிக்கற்குக் காரணம் காணுதல் மற்றொரு வேலை. முன்னதைச் செய்து பின்னதை விடுவோர்க்கு அடுத்த முழத்திலேயே மீண்டும் சிக்கும்.

நம் மாணாக்கனுக்கு யாம் இவ்வளவும் சொல்லவில்லை. 'அந்தக் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாயா?' என்று மட்டும் கேட்டோம். 'கூடுகளை எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், ஐயா. ஆனால் பார்த்தேன். விளிம்பில் கொக்கி வழுக்கின தழும்பு இருந்தது. பக்கத்திலே கரி அப்பியிருந்தது' என்றான். 'கரி உன் மூன்று குண்டிற்குரியதா?' என்றோம். சிறிது எண்ணிப் பார்த்து, 'இல்லை, ஐயா. ஆனாலும் சுடுவதற்கு முன்னே நான் குழலைப் பார்த்திருக்கலாம்' என்றான்.

பழியிற் தன் பங்கு எவ்வளவு, பிறர் பங்கு எவ்வளவு என நிறுத்துப் பார்க்கக் கற்ற பிள்ளைக்கு யாம் கற்பிக்க வேண்டுவது அதிகமில்லை. அந்நிறைகோல் நம் சங்கத்திலும் ஒன்று இருத்தல் நன்று. அன்பர்கள் இவ்விண்ணப்பத்தைப் பற்றிய தங்கள் கருத்தை அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பார்களாக. செவ்வேள் திருவருள் முன்னிற்க.